கண்ணோரம் ஒரு பழுப்புக் கோடு

வெள்ளை நாய் இருக்குற வீட்டுக்குப் போனா ஒரு விஷயத்தைக் கவனிச்சிருப்பீங்க. கண்ணோட உள் மூலையிலிருந்து மூக்கை நோக்கி, துருப்பிடிச்ச குழாய்க்குக் கீழே சுவர்ல இறங்குற மாதிரி, ஒரு பழுப்புக் கோடு. மால்டீஸ், பிஷான், ஷிட்சு, பூடில் கலப்புன்னு நம்ம குடும்பங்கள் ஆசையா வளர்க்கிற நாய்கள் பலதுக்கும் இது உண்டு. "அதோட முகமே அப்படித்தான்"னு விட்டுடறவங்க ஒரு பக்கம். ஆன்லைன்ல பவுடர் வாங்கி சாப்பாட்டுல கலக்குறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போயிடறாங்க: கண்ணீர் ஏன் வெளியில வழியுது?

இந்த மாசப் பத்தி அந்தக் கேள்வியைப் பத்தித்தான். நான் வெட் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எழுதுறவன். எங்க வீட்டு நாய்க்காக நாலு தடவை கிளினிக் போய் வந்ததுலயும், அதுக்காகப் படிச்சதுலயும் தெரிஞ்சுக்கிட்டதை எழுதறேன். நாய் இல்லாதவங்களும் படிங்க. "அப்பா, நாய்க்குட்டி வாங்கலாமா?"ன்னு கேக்குற பிள்ளை இருக்குற வீட்டுல இது என்னிக்காவது உதவும்.

கறைக்கு நிறம் எங்கிருந்து வருது?

நாயோட கண்ணீர்லயும் எச்சில்லயும் போர்ஃபிரின்னு ஒரு பொருள் இருக்கு. அது முடியில படிஞ்சு வெளிச்சம் பட்டதும் துருநிறம் ஆயிடும். ஓயாம பாதத்தை நக்குற வெள்ளை நாய்க்குப் பாதமும் பழுப்பாகுறது இதனாலதான். அது ரத்தம் இல்ல, அழுக்கும் இல்ல. கறுப்பு லாப்ரடாருக்கும் கண்ணீர் வழியலாம், முடி நிறத்துல தெரியாது, அவ்வளவுதான்.

ஆக, அந்தக் கோடு சொல்ற சேதி ஒண்ணுதான்: உள்ளே வடிய வேண்டிய கண்ணீர் வெளியில வருது. ஏன்னு அது சொல்லாது. எங்க வேலையில லாக்ல ஒரு எரர் வரி வந்தா, அந்த வரியை மட்டும் மறைச்சு வைக்கிற புத்திசாலிங்க உண்டு. திரை சுத்தமாயிடும், கோளாறு அங்கேயேதான் இருக்கும். கறை போக்குற பவுடரும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்யுது.

குழாயும் வடிகாலும்

சமையலறை சிங்க்கை நெனச்சுக்கோங்க. தண்ணி தரையில வழிஞ்சா ரெண்டு காரணம் இருக்கலாம். குழாய் அளவுக்கு மேல கொட்டுது, இல்லேன்னா வடிகால் அடைச்சிருக்கு. நாயோட கண்ணும் அப்படித்தான்.

கண்ணீரை ரெண்டு சுரப்பிகள் சுரக்குது. ஒண்ணு கண்ணுக்கு மேல, வெளிப்பக்கமா. இன்னொண்ணு மூணாவது இமையில. நாய்க்குக் கண்ணோட உள் மூலையில ஒளிஞ்சுக்கிட்டிருக்குற ஒரு இமை அது. தூக்கக் கலக்கத்துல பாதிக் கண்ணை மூடுற இளஞ்சிவப்புத் திரையா எட்டிப் பார்க்கும்.

வடிகால் இப்படி: மேல் இமையிலயும் கீழ் இமையிலயும், உள் மூலையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, ஆளுக்கொரு சின்னத் துளை. அங்கிருந்து நூல் போல ரெண்டு குழாய்கள் போய் ஒரு சின்னப் பையில சேரும். அதுக்கப்புறம் ஒரே குழாயா எலும்புக்குள்ள புகுந்து மூக்குத் துவாரத்துக்குள்ள முடியும். நாம அழும்போது மூக்கு ஒழுகுறதும் இதே மாதிரி வழியாலதான். ஆனா நிறைய நாய்களுக்கு நடுவழியில, கோரைப்பல் வேருக்குப் பக்கத்துல, இன்னொரு திறப்பும் இருக்கும். அப்போ கண்ணீர் மூக்கு நுனிக்கு வராம தொண்டைப் பக்கம் போயிடும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்சம் கழிச்சுத் தேவைப்படும்.

குழாய் அதிகமாக் கொட்டுதுன்னா, கண்ணை ஏதோ ஒண்ணு உறுத்துதுன்னு அர்த்தம். இமை உள்பக்கமா மடங்கியிருக்கலாம். இமை ஓரத்துல முளைக்கக் கூடாத இடத்துல ஒரு முடி முளைச்சிருக்கலாம். தூசி, புல் விதை, கருவிழியில புண், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற கிளாக்கோமா, இதுல எதுவும் இருக்கலாம்.

வடிகால் கோளாறுன்னா, பிறவியிலேயே துளை திறக்காம இருக்கலாம். குழாய்ல சளியோ புல் விதையோ அடைச்சுக் கிருமி சேர்ந்திருக்கலாம். வயசான நாய்க்கு மேல் பல்லோட வேர்ல சீழ் கட்டியோ, மூக்குக்குள்ள கட்டி வளர்ந்தோ குழாயை நெருக்கலாம்.

மூணாவதா ஒரு கூட்டம் உண்டு. பக், ஷிட்சு, பெக்கினீஸ் மாதிரி தட்டை முகக்காரங்க. கண் வெளியில தள்ளி இருக்கும், கீழ் இமை மூலையில சுருண்டு துளையை நெருக்கும், மூக்கு மடிப்பு முடி கண்ணைத் தொட்டுத் திரி மாதிரி கண்ணீரை வெளியே இழுக்கும். இதுல குழாய், வடிகால் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருக்கும்.

முறுக்கோட வலது கண்

எங்க முறுக்கு ஒரு காக்கபூ. காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்தவன். உடம்பெல்லாம் சுருள் முடி, அதனால என் ஒன்பது வயசு மகள் வெச்ச பேர் அது. மூணு மாசக் குட்டியா வந்தப்பவே வலது கண்ணுக்குக் கீழே ஈரம். இடது கண் காய்ஞ்சு சுத்தமா இருக்கும். கண்ணைச் சுருக்க மாட்டான், தேய்க்க மாட்டான், ஓடி விளையாடுவான்.

என் மனைவி சொன்னாங்க, "நம்ம பொண்ணுக்கும் பிறந்தப்ப ஒரு கண்ணு இப்படித்தானே ஒழுகுச்சு? டாக்டர் மசாஜ் பண்ணச் சொன்னாரே, பண்ணிப் பாக்கலாமா?" உங்கள்ல பல பேருக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். மனுஷக் குழந்தைக்குக் குழாயோட கீழ் முனையில, மூக்குக்குள்ள, ஒரு மெல்லிய ஜவ்வு திறக்காம இருக்கும். மசாஜோட, பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள தானாத் திறந்துடும். நாய்க்கு அடைப்பு பொதுவா வேற முனையில. இமையில இருக்குற துளையே ஜவ்வால மூடியிருக்கும். அது காத்திருந்தாலோ மசாஜ் பண்ணினாலோ திறக்காது. காக்கர் ஸ்பானியல் வம்சத்துல இது அடிக்கடி பார்க்கிற விஷயம்.

தடுப்பூசிக்குப் போனப்பவே வெட் டாக்டர்கிட்ட கேட்டோம். அவங்க பார்த்த வரிசையைச் சொல்றேன். உங்க வெட்டும் ஏறக்குறைய இதே வரிசையிலதான் போவாங்க.

முதல்ல ஷர்மர் டெஸ்ட். கீழ் இமைக்குள்ள ஒரு சின்னக் காகிதப் பட்டையை 1 நிமிஷம் வெச்சு, எத்தனை மில்லிமீட்டர் நனையுதுன்னு அளக்கிறது. 15 அல்லது அதுக்கு மேலன்னா கண்ணீர் சுரப்பு சரி. 10க்குக் கீழே போனா கண் வறட்சி நோய்னு சந்தேகப்படணும். கண்ணுல வேற எந்தச் சொட்டும் விடறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும், இல்லேன்னா அளவு தப்பாயிடும்.

அடுத்து ஃப்ளோரசின். ஆரஞ்சு நிறச் சாயம். கண்ணுல பட்டதும் பச்சையா ஒளிரும். கருவிழியில கீறலோ புண்ணோ இருந்தா அந்த இடத்துல மட்டும் சாயம் ஒட்டி, நீல விளக்குல பளிச்சுன்னு தெரியும். முறுக்குக்குப் புண் இல்ல.

அதே சாயம் இன்னொரு வேலையும் செய்யும். அஞ்சுலேர்ந்து பத்து நிமிஷம் காத்திருந்து மூக்கைப் பார்க்கணும். வடிகால் திறந்திருந்தா மூக்கு நுனியில பச்சை வரும். இதுக்கு ஜோன்ஸ் டெஸ்ட்னு பேர். முறுக்குக்கு இடது மூக்குல பச்சை வந்துச்சு, வலதுல வரல. என் மகளுக்கு அது மேஜிக் ஷோ மாதிரி இருந்துச்சு.

இங்கேதான் முன்னாடி சொன்னதை ஞாபகப்படுத்திக்கணும். பச்சை வந்தா ஒரு வழியாவது திறந்திருக்குன்னு நம்பலாம். வராட்டி அடைப்புன்னு உடனே முடிவு கட்ட முடியாது. தட்டை மூக்கு நாய்களுக்குச் சாயம் தொண்டைப் பக்கம் போயிருக்கலாம். நாக்கையும் வாயையும் பார்த்துட்டுத்தான் சொல்லணும்.

கடைசியா பூதக்கண்ணாடி வெச்சு இமைகளைப் பார்த்தாங்க. வலது கீழ் இமையில துளை இருக்க வேண்டிய இடம் வழவழன்னு இருந்துச்சு. மேல் துளை மட்டும் இருந்துச்சு. காரணம் கிடைச்சாச்சு. மொத்தம் அரை மணி நேரம்தான்.

வலி இல்லாத கோளாறுங்கறதால அவசரம் இல்லேன்னாங்க. கருத்தடை ஆபரேஷனுக்கு எப்படியும் மயக்க மருந்து குடுக்கணும், அதோட சேர்த்து இதையும் முடிச்சுடலாம்னு சொன்னாங்க. அதுவரைக்கும் தினம் துடைச்சு வெச்சோம். ஆபரேஷன் அன்னிக்கு மேல் துளை வழியா உப்புநீரைச் செலுத்தினாங்களாம். கீழே மூடியிருந்த ஜவ்வு பலூன் மாதிரி உப்பியிருக்கு. அதைச் சின்னதா வெட்டித் திறந்தாச்சு. திறந்த வாய் மறுபடி ஒட்டிக்காம இருக்க, ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு கொஞ்ச நாளைக்கு. கழுத்துல கூம்பு. அடுத்த பரிசோதனையில வலது மூக்குலயும் பச்சை.

அந்தச் சொட்டு மருந்துப் புட்டியைப் பத்தித்தான் இனிமே சொல்லப்போறேன்.

"மீதி மருந்து இருக்கா?"

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவங்க வீட்டுல ஷிட்சு. கறைக் கோடு எப்பவும் உள்ள நாய். "ரெண்டு நாளா கண்ணு ரொம்ப ஒழுகுது. முறுக்குக்குக் குடுத்த சொட்டு மீதி இருந்தா குடுங்களேன், திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டிடலாம்"னார். கிளினிக் மூடியாச்சு, அவசர ஆஸ்பத்திரின்னா பணம் எவ்வளவு ஆகுமோன்னு தயக்கம். நியாயமான தயக்கம்தான்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "கண்ணைச் சுருக்குறானா?" கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் அவரோட பையன் குரல் பின்னாடி கேட்டுச்சு: "நேத்துலேர்ந்து ஒரு கண்ணைத் திறக்கவே மாட்டேங்கிறான், அங்கிள்."

அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல. சொட்டு வேண்டாம், இப்பவே கிளம்புங்கன்னேன். கருவிழியில ஆழமான புண். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கருவிழிப் புண்ணை ஆற விடாது. புண் கரைஞ்சு இன்னும் ஆழமாகி, கண் ஓட்டையாகிற அளவுக்குப் போகலாம். முறுக்குக்கு மருந்தா இருந்த அதே புட்டி, அந்த நாய்க்குக் கண்ணைப் பறிக்கிறதா ஆகியிருக்கும். ரெண்டு நாய்க்கும் வெளியில தெரிஞ்சது ஒரே ஈரக் கோடுதான்.

அந்த ஷிட்சுவைக் கண் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க. வெண்படலத்துலேர்ந்து ஒரு துண்டு எடுத்துப் புண் மேல தச்சாங்க. நாயோட ரத்தத்துலேர்ந்தே பிரிச்செடுத்த சீரம் சொட்டு, ஆன்டிபயாடிக் சொட்டுன்னு மணிக்கணக்குப் பார்த்து விட்டாங்க. அந்தக் குடும்பம் ஷிஃப்ட் போட்டு ராத்திரி முழிச்சாங்க. கண் பிழைச்சுது. கருவிழியில ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கு, பார்வையும் இருக்கு.

எப்பவும் ஒழுகுற கண்ணுல புதுசா ஒண்ணு வந்தா கண்டுபிடிக்கிறது கஷ்டம். பழைய கோடு புதுக் கண்ணீரை மறைச்சுடும். அதனால உங்க நாயோட வழக்கமான நிலை எதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது முக்கியம். மாசத்துக்கு ஒரு தடவை, நல்ல வெளிச்சத்துல, ரெண்டு கண்ணும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்க. பிள்ளைகளுக்கு ஏத்த வேலை.

எப்போ அன்னிக்கே ஓடணும்?

கண்ணைச் சுருக்கினாலோ மூடியே வெச்சிருந்தாலோ, கருவிழி நீலமாவோ மங்கலாவோ தெரிஞ்சாலோ, வெள்ளைப் பகுதி நல்லாச் சிவந்தாலோ, பாதத்தால கண்ணைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாலோ, கண் வீங்கினாலோ, ஒரு கண் மத்ததைவிடப் பெரிசாத் தெரிஞ்சாலோ அன்னிக்கே போயிடணும். கிளாக்கோமா மாதிரி நோய்ல பார்வை போறதுக்கு மணிக்கணக்கு போதும்.

மஞ்சளோ பச்சையோ கெட்டியான சீழ் வந்தா, உள் மூலை வீங்கித் தொட்டா வலிச்சா, ஒரு கண்ணு மட்டும் புதுசா ஒழுக ஆரம்பிச்சா, ரெண்டு மூணு நாளுக்குள்ள காட்டுங்க. ரெண்டு கண்ணும் குட்டியிலிருந்தே ஒரே மாதிரி தெளிஞ்ச நீரா வழிஞ்சு, வலி இல்லாம இருந்தா அடுத்த வழக்கமான விசிட்ல கேட்டாப் போதும். ஆனா கேளுங்க. "இது எப்பவும் உள்ளதுதான்"னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.

கலிஃபோர்னியா மாதிரி காய்ஞ்ச வெயில் ஊர்ல இருக்குறவங்களுக்கு ஒண்ணு: வசந்தம் முடிஞ்சு புல் காய்ஞ்சதும் ஃபாக்ஸ்டெயில்னு முள் மாதிரி விதைகள் உதிரும். அதோட அமைப்பு முன்னாடி மட்டும்தான் போகும், பின்னாடி வராது. மூணாவது இமைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும், கண்ணீர்க் குழாய்க்குள்ளயும் போகும். வாக்கிங் போய் வந்ததும் திடீர்னு ஒரு கண்ணைச் சுருக்கினா அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். நீங்களா இடுக்கி வெச்சு நோண்ட வேண்டாம்.

காரணத்துக்கு ஏத்த வைத்தியம்

காரணம் தெரிஞ்சா வைத்தியம் தனித்தனிப் பாதையில போகும்.

குழாய்ல அடைப்பும் கிருமியும்னா, கண்ணை மரக்க வெச்சோ மயக்கம் குடுத்தோ மெல்லிய குழல் வழியா உப்புநீர் விட்டுக் கழுவுவாங்க. வர்ற சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்த ஆன்டிபயாடிக் கேக்கும்னு பார்ப்பாங்க. திரும்பத் திரும்ப அடைச்சா சாயம் செலுத்தி எக்ஸ்ரே, இல்லேன்னா சிடி ஸ்கேன். சில நாய்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒண்ணைக் குழாய்க்குள்ள சில வாரங்கள் தச்சு வைப்பாங்க. ஒரே தடவையில முடியாத வியாதி இது. உள்ளே புல் விதை இருந்து அதை எடுக்கலேன்னா, எத்தனை புட்டி மருந்து விட்டாலும் திரும்ப வரும்.

இமை மடங்கியிருந்தா சின்ன ஆபரேஷன். குட்டியா இருந்தா தற்காலிகமாத் தையல் போட்டு, முகம் வளர்ந்து முடியட்டும்னு காத்திருப்பாங்க. தப்பா முளைச்ச முடியை வேரோட உறைய வெச்சோ மின்சாரத்தாலயோ அழிப்பாங்க. சும்மா பிடுங்கினா திரும்ப முளைக்கும். பல் வேர் காரணம்னா பல் வைத்தியம்.

கண் வறட்சி நோய் ஆளை ஏமாத்தும். தண்ணிக் கண்ணீர் குறைஞ்சு, பிசுபிசுன்னு சளி மாதிரி வரும். பார்க்கிறவங்களுக்குக் கண் ஒழுகுற மாதிரியே இருக்கும். உண்மையில கண் காய்ஞ்சுக்கிட்டிருக்கும். இதுக்கு சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ், பெரும்பாலும் ஆயுசு முழுக்க. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நடுவுல நிறுத்தக் கூடாது.

இதோட சேர்ந்த ஒண்ணு: மூணாவது இமைச் சுரப்பி வெளியே பிதுங்கி செர்ரிப் பழம் மாதிரி தெரியுறதுக்கு செர்ரி ஐன்னு பேர். அதை வெட்டி எடுத்துடலாம்னு யாராவது சொன்னா, திரும்ப உள்ளே வெச்சுத் தைக்க முடியாதான்னு கேளுங்க. கண்ணீர்ல கணிசமான பங்கு அங்கிருந்துதான் வருது. வெட்டிட்டா பின்னாடி கண் வறட்சி வர வாய்ப்பு அதிகம்.

சில நாய்களுக்கு, குறிப்பா தட்டை முகக்காரங்களுக்கு, எல்லா டெஸ்ட்டும் முடிச்சுட்டு "ஒண்ணும் செய்ய வேண்டாம், சுத்தமா வெச்சுக்கோங்க"ன்னு சொல்வாங்க. அதுவும் ஒரு விடைதான். காரணம் தெரிஞ்சு சும்மா இருக்குறதும், தெரியாம சும்மா இருக்குறதும் ஒண்ணு இல்ல.

பாட்டி வைத்தியமும் பவுடரும்

முறுக்கு வந்த புதுசுல எங்க அம்மா, "ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுடா, சூடு தணிஞ்சா சரியாயிடும்"னாங்க. உங்க வீட்டுல நந்தியாவட்டைச் சாறு, தேன், பன்னீர், தாய்ப்பால்னு வேற பட்டியல் இருக்கலாம். அவங்களோட அக்கறையைத் தள்ளிவிட மனசு வராது. நான் சொன்னது: "அம்மா, சூடு இல்லம்மா, துளையே இல்ல. உள்ளே விடற எண்ணெயும் வெளியிலதான் வரும்." அம்மா சிரிச்சுட்டாங்க. அப்புறம் காலையில வெதுவெதுன்னு தண்ணியில பஞ்சு நனைச்சுக் கண்ணோரம் துடைக்கிற பொறுப்பை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் முறுக்கு அவங்ககிட்ட மட்டும்தான் அசையாம நிப்பான்.

பவுடர் விஷயத்துக்கு வர்றேன். கறை போக்குறதா விக்கிற சில பொருட்கள்ல டைலோசின்னு ஒரு ஆன்டிபயாடிக் கலந்திருந்துச்சு. அது நாய்களோட கண்ணீர்க் கறைக்காக அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லேன்னு அமெரிக்காவோட எஃப்டிஏ 2014ல எச்சரிச்சுது. வெறும் அழகுக்காக மாசக்கணக்கா ஆன்டிபயாடிக் குடுக்கிறது, மருந்துக்கு அசராத கிருமிகளை நாமே வளர்க்கிற வேலை. புட்டிக்குப் பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிங்க, புரியலேன்னா போட்டோ எடுத்து வெட்கிட்ட காட்டுங்க.

மனுஷங்க கண் சிவப்புக்கு விடற சொட்டுகளை நாய்க்கு விடாதீங்க. டெட்ராஹைட்ரோசோலின் உள்ள புட்டியை நாய் கடிச்சு முழுங்கினா விஷம், ஹேண்ட்பேக்ல இருந்தா எட்டாத இடத்துல வையுங்க. கறையை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண் பக்கம் கொண்டு போகவே கூடாது.

வீட்டுல செய்யக்கூடியது

தினம் ஒண்ணு ரெண்டு தடவை துடைக்கணும், அதைவிட முக்கியமா உலர்த்தணும். ஈரத்துலயே இருக்குற தோல்ல பூஞ்சை வரும், நாத்தம் வரும். கண்ணைச் சுத்தியுள்ள முடியைக் குரூமர்கிட்ட குட்டையா வெட்டச் சொல்லுங்க. வீட்டுல வெட்டினா மொட்டை முனைக் கத்தரிக்கோல், இன்னொருத்தர் தலையைப் பிடிச்சுக்கணும். கார் ஜன்னல் வழியா தலையை நீட்ட விடாதீங்க.

சொட்டு விடும்போது எதிர்ல நின்னு கையைக் கொண்டு போனா எந்த நாயும் பின்வாங்கும். பின்னாடி உக்காந்து, முகவாயை மெல்லத் தூக்கி, மேல்பக்கத்துலேர்ந்து விடுங்க. புட்டி முனை கண்ணைத் தொடக் கூடாது. ரெண்டு மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிஷமாவது இடைவெளி. முடிஞ்சதும் ஒரு ட்ரீட். எங்க வீட்டுல சொட்டு விட்ட நேரத்தை ஃபிரிட்ஜ் கதவுல எழுதுறது மகளோட வேலை. ஒரு வேளைகூட தவறல, ஏன்னா நாங்க மறந்தாலும் அவ விடமாட்டா.

வெட்கிட்ட போகும்போது கேக்க வேண்டியது: கண்ணீர் அதிகமாச் சுரக்குதா, வடியலையா? புண் இருக்கான்னு சாயம் போட்டுப் பார்த்தாச்சா? ஷர்மர் அளவு எவ்வளவு? குடுக்கிற சொட்டுல ஸ்டீராய்டு இருக்கா? இந்தப் பதில்களை எழுதி வெச்சுக்கோங்க. ஸ்பெஷலிஸ்ட் தேவைப்பட்டா அமெரிக்கா, கனடாவுல ஏசிவிஓ, ஐரோப்பாவுல ஈசிவிஓ தகுதி பெற்ற கண் மருத்துவர்களைத் தேடுங்க.

இன்ஷூரன்ஸ் எடுக்கிறதா இருந்தா குட்டி வந்த உடனே எடுங்க. பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடியே இருந்த கோளாறுக்குப் பொதுவாப் பணம் வராது. பிறவிக் கோளாறுகள் சேருமா, கண் ஆபரேஷனுக்கு வரம்பு உண்டான்னும் பாருங்க.

குட்டி வாங்கப் போற வீடுகளுக்கு

உருண்டைக் கண்ணும் சப்பை மூக்குமா ஒரு குட்டி உங்க பிள்ளையைப் பார்த்தா, அங்கேயே எல்லா வாதமும் முடிஞ்சுடும். தெரியும். ஆனா அந்த முகத்தை அப்படி ஆக்கினது தலைமுறை தலைமுறையா மனுஷன் செஞ்ச தேர்வு. கண்ணும் மூச்சும் சேர்ந்துதான் அதுக்கு விலை குடுக்குது. மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்ய நெதர்லாந்து கட்டுப்பாடு வெச்சிருக்கு. பல நாடுகள்ல அந்தத் தேர்வு பெரும்பாலும் வாங்குறவங்க கையிலதான் இருக்கு. குட்டியைப் பார்க்கப் போனா தாய் நாயோட கண்ணையும் மூச்சையும் பாருங்க. தத்தெடுக்கப் போறீங்கன்னா, கண்ணோரம் கோடு இருக்குன்னு ஒரு நாயை ஒதுக்க வேண்டாம். காரணம் என்னன்னு கேட்டு, அதுக்கு ஆகுற நேரத்தையும் பணத்தையும் தெரிஞ்சுக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க.

நாய்க்கு வலிச்சா அது தமிழ்லயும் சொல்லாது, இங்கிலீஷ்லயும் சொல்லாது. பாதிக் கண்ணை மூடிக்கிட்டு வாலை ஆட்டும். அதைக் கவனிக்கிற பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துட்டா, அது நாயோட நிக்காது. அந்தச் சனிக்கிழமை போன்ல பின்னாடி கேட்ட பையனோட குரல்தான் ஒரு கண்ணைக் காப்பாத்துச்சு. பெரியவங்க நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தது மருந்தைப் பத்தி. அவன் பார்த்துக்கிட்டிருந்தது நாயை.